ஒரே இரும்புக்குள் அரை நூற்றாண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

முதல்நாள் வரைந்த ஒரு கோடு எத்தனை காலம் பின்தொடரும் என்பதற்கு இங்கிலாந்தின் ஏ-சீரிஸ் எஞ்சினைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1951-இல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்தது. நான்கு சிலிண்டர், 803 சிசி, 28 குதிரைத்திறன். அடுத்த ஆண்டே மோரிஸ் மைனரின் பழைய எஞ்சினை வெளியேற்றிவிட்டு அங்கேயும் குடியேறிவிட்டது.

இதன் சிலிண்டர் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியை, கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். நான்கு சிலிண்டருக்குப் பெட்ரோல் கலவை நுழைய எத்தனை வழி இருக்க வேண்டும்? நான்கு என்பீர்கள். இருப்பவை இரண்டே! முதலிரண்டும் ஒரு வாயிலில், பின்னிரண்டும் இன்னொரு வாயிலில் மூச்சு வாங்குகின்றன. கூட்டுக் குடும்பத்துக் குழாயடிபோல, பங்கு ஒருபோதும் சமமாக வராது. வார்ப்பதற்குச் சிக்கனம், அவ்வளவுதான்.

1959-இல் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் மினி காருக்காக இதைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அடியில் வைத்தார். எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். இடம் மிச்சமானது, ஆனால் பற்சக்கரங்கள் அந்த ஆயிலை அரைத்தெடுத்துவிடும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வேறு முன்பக்கக் கிரில்லை ஒட்டியே இருந்ததால், நல்ல மழையில் அது நனைந்து வண்டி நின்றுபோகும். ரப்பர் கையுறையின் விரல்நுனிகளை வெட்டி, அவற்றின் வழியே வயர்களை நுழைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிட்டவர்கள் உண்டு. பொறியாளர்களைவிட அவர்கள்மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

1964-இல் மினியின் வேகமான வடிவமான கூப்பர் எஸ் காருக்கு 1275 சிசி வேண்டியிருந்தது. அதற்கு 803 சிசி-யில் 58 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர் துளையின் விட்டம் 70.6 ஆக வேண்டும். சிலிண்டர்கள் அமைந்த இரும்பு பிளாக்கை நீட்ட இடமில்லை. சிலிண்டர்களின் மையங்களையே நகர்த்தினார்கள். நடுவிலிருக்கும் இரண்டுக்கும் இடையே மெல்லிய விளிம்புதான் எஞ்சியது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

1996-இல் மினிக்குக் கணினி கட்டுப்படுத்தும் இரட்டை இன்ஜெக்டர் வந்தது. அப்போதும் அந்த இரண்டு வாயில்கள் மாறவில்லை. எந்தச் சிலிண்டர் இழுக்கும் நேரம் பார்த்து எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கணினிதான் கணக்குப் போட வேண்டியிருந்தது. 2000-இல் கடைசி மினி லாங்பிரிட்ஜ் ஆலையை விட்டு வெளியே வந்தபோதும், அதே இரண்டு வாயில்கள்தான்.