அகழியில் நட்ட பூக்கள்

நண்பர்களே, முதல் உலகப் போரில் பிரிட்டன் தரப்பில் இறந்த படையினர் 8,88,246 பேர். கேட்டீர்கள், தலையாட்டினீர்கள். என்னாலும் அதற்கு மேல் முடியவில்லை. போர் தொடங்கி நூறாண்டு ஆன 2014-இல், பால் கம்மின்ஸ் என்ற பீங்கான் கலைஞர் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பாப்பிப் பூ செய்யத் துணிந்தார்; போரில் மாண்டவர்களின் நினைவாகப் பிரிட்டனில் அணியும் பூ அது. எல்லாம் கையால் வனைந்த பூக்கள். லண்டன் டவர் கோட்டையைச் சுற்றியுள்ள வறண்ட அகழியில் அவற்றை வெள்ளம்போல் பரப்பிக் காட்டியவர் மேடை வடிவமைப்பாளர் டாம் பைப்பர்.

நட்டவர்கள் ஆயிரக்கணக்கான தொண்டர்கள். அவர்களில் ஒருவனாக நானும் ஒரு நாள் போனேன். கலைக்குக் கைகொடுக்கப் போகிறோம் என்று கொஞ்சம் மிதப்பு வேறு. அங்கே என் கையில் கிடைத்தது கம்பிக் கட்டு, ரப்பர் வாஷர், சுத்தியல். கம்பியை மண்ணில் அடிக்க வேண்டும். பூவைச் செருகி, வாஷர் போட்டு ஆடாமல் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். பத்துப் பூ வரை பக்கத்து ஆளோடு பேச்சு ஓடியது. முப்பதில் முதுகு பிடித்துக்கொண்டது. அப்புறம் யாரும் பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தால், நான் நட்ட இடம் ஒரு கோரைப்பாய் அளவுகூட இல்லை. எட்டு லட்சம் என்றால் எவ்வளவு என்பது அப்போதுதான் என் மணிக்கட்டுக்கு உறைத்தது.

எந்தப் பூவிலும் பெயர் கிடையாது. அந்தி நேரத்தில்தான் இறந்தவர்களில் சிலருடைய பெயர்களை வாசிப்பார்கள். முடிந்ததும் ஒருவர் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை ஊதுவார்.

சரி, நம்மவர்கள் அதில் உண்டா என்று கேட்பீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கில் அந்த எண் பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் உரியது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் சுமார் 74,000 பேர் தனி வரியில் இருக்கிறார்கள். அதாவது, அந்த எண்ணிக்கைக்குள் அவர்கள் இல்லை. இது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் போயிருப்பேன். ஆனால் தேநீர் இடைவேளையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன்.

கடைசிப் பூவை, போர் முடிந்த நாளான நவம்பர் 11 அன்று, மாணவர் படையைச் சேர்ந்த 13 வயதுப் பையன் நட்டான். பிறகு பிடுங்கும் வேலை; அதற்கும் தொண்டர்கள்தான். ஒரு பூ 25 பவுண்டு என்று முன்பே விற்றிருந்ததால், ஒவ்வொன்றையும் கழுவி அனுப்ப வேண்டும். மழையில் ஊறிய சேறு இதழின் மடிப்பில் புகுந்து உட்கார்ந்திருந்தது.