தையல் வலிக்கு விளக்குச் சூடு: எனக்கு நடந்தது

வணக்கம் மக்களே. தக்கலையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள், அதனால் மெதுவாகத்தான் பேசுவேன்.

சுகப்பிரசவம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. கீழே போட்ட தையல் வலியை யாரிடம் சொல்வது? முதல் மூன்று நாள் ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்துதான் பால் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் ஐஸ் ஒத்தடம் மட்டும். வீக்கம் இருக்கும்போது சூடு வைக்கக் கூடாது. மறுநாள் சிஸ்டர், சூடு தரும் இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) விளக்கை உருட்டிக்கொண்டு வந்தார். திரையை இழுத்துவிட்டு, அந்த இடத்தைக் கழுவி ஒற்றி எடுத்தார். களிம்பு எதுவும் தடவவில்லை. பாக்கெட்டிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து 50 செ.மீ. தள்ளி விளக்கை நிறுத்தினார். அப்புறம் தன் புறங்கையை வெளிச்சத்தில் காட்டிச் சூட்டைப் பார்த்தார். மார்கழிக் காலையில் திண்ணையில் விழும் வெயில் மாதிரி இதமாக இருந்தது. காலையும் மாலையும் 10 நிமிடம், அவ்வளவுதான்.

அந்தச் சூட்டில் ரத்தக் குழாய் விரியும், ரத்த ஓட்டம் கூடும், இறுகிய தசை தளரும். வலி குறைந்ததால் நடக்க முடிந்தது. புண்ணை ஆற்றியது உடம்புதான், விளக்கு துணைக்கு என்றுதான் நான் சொல்வேன்.

தையல் எப்படி ஆறுகிறது என்று சிஸ்டர் தினமும் மார்க் போடுவார். சிவப்பு, வீக்கம், கன்றல், கசிவு, விளிம்பு சேர்ந்திருக்கிறதா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 15. மார்க் குறையக் குறைய நல்லது. ரீடா அளவுகோல் என்று அதற்குப் பெயர்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தப்பு செய்தேன். "மக்ளே, நம்ம குண்டு பல்பே போதும்" என்றார் சித்தி. கிட்டத்தில் வைத்துவிட்டு அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். தொடையில் கொப்புளம். தயவுசெய்து யாரும் வீட்டில் பல்பு வைத்துச் செய்யாதீர்கள். டாக்டர் சரி என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் உட்காருங்கள். வேது குளிக்கும்போது, அதாவது பிரசவத்துக்குப் பிறகு சுடுதண்ணீரில் குளிப்பாட்டும்போது, கொதிதண்ணீரைத் தையல் மேல் வீசி ஊற்ற விடாதீர்கள், பெரியவர்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

காய்ச்சல், துர்வாடை, தையல் பிரிவது, நாளுக்கு நாள் கூடும் வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுங்கள்.

சரி, பாப்பா முழித்துவிட்டாள். பால் கொடுக்கணும், வருகிறேன்.