பொன் சுவரில் மறையாத சிலுவை

வணக்கம். கிரீஸ் நாட்டின் தெசலோனிக்கி நகரில், ஹாகியா சோபியா ஆலயத்துக்குள் நிற்கிறேன். இஸ்தான்புல்லில் இருப்பது வேறு. இது அதே பெயர் கொண்ட இன்னொன்று. பைபிளில் பவுல் நிருபம் எழுதினாரே, அந்தத் தெசலோனிக்கேயரின் ஊர்.

கேமராவை மேலே திருப்புகிறேன், பாருங்கள். பலிபீடத்துக்கு மேல், பாதிக் குடத்தைக் கவிழ்த்தது போன்ற வளைவு. எங்கும் பொன் சில்லுகள். நடுவில் குழந்தை இயேசுவை மடியில் ஏந்தி மரியாள் அமர்ந்திருக்கிறார். இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறேன். அவரைச் சுற்றியுள்ள பொன்னில் ஒரு தடம் தெரிகிறதா? அவை ஒரு சிலுவையின் கைகள். முதலில் இங்கே பெரிய சிலுவை மட்டுமே இருந்தது. பிற்காலத்தில் அதைப் பெயர்த்துவிட்டு மரியாளைப் பதித்தார்கள். ஒட்டுப்போட்ட துணியில் தையல் தெரிவது போல, பழையது இன்னும் தெரிகிறது.

சிலுவை மட்டும் ஏன்? 8ஆம் நூற்றாண்டில் பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவ வணக்கத்தை, அதாவது இயேசு, மரியாள், புனிதர்களின் உருவங்களை வணங்குவதை, எதிர்த்தார். உடன்படாத கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபைத் தலைவர், முதுபெரும் தந்தை ஜெர்மானோஸ் 730இல் பதவி இழந்தார். லியோவின் மகன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் 754இல் 338 ஆயர்களைக் கூட்டி, உருவ வணக்கம் தவறு என்று முடிவெடுக்க வைத்தார். சிலுவைக்கு மட்டும் தடையில்லை. திருவுருவங்களுக்காக அன்று மிக வலுவாக எழுதியவர் தமஸ்கு நகர யோவான். அவர் வாழ்ந்ததோ முஸ்லிம் கலீபாவின் ஆட்சியில்! கிறிஸ்தவப் பேரரசரின் கை அங்கே எட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மலைத்துப் போகிறேன்.

ஆனால் நான் இவ்வளவு தூரம் வந்தது இன்னொன்றைப் பார்க்க. வளைவுக்கு முன்னுள்ள பகுதியில், எழுத்துகளைப் பின்னிச் செய்த முத்திரைகள் இருக்கின்றன. பேரரசி ஐரீன், அவருடைய மகன் ஆறாம் கான்ஸ்டன்டைன் ஆகியோரின் பெயர்கள். 787இல் நைசியாவில் ஆயர்களின் பொதுச்சங்கம் கூட்டித் திருவுருவங்களை மீட்டவர் இதே ஐரீன்தான். அவர் பெயர் பொறித்த இந்த வேலைப்பாட்டிலோ மனித உருவமே இல்லை, சிலுவைகள்தான். உருவங்களை உடைத்தவர்கள் ஒரு பக்கம், காத்தவர்கள் மறு பக்கம் என்றே நான் படித்திருந்தேன். இந்தச் சுவரின் முன் அந்தப் பிரிவினை எனக்கு நிற்கவில்லை. 815இல் தடை திரும்பியது; 843இல்தான் பேரரசி தியோடோரா அதை நிரந்தரமாக நீக்கினார்.

அந்த முத்திரைகளை மீண்டும் ஒருமுறை காட்டுகிறேன். 797இல் ஆட்சிக்காக ஐரீன் தன் மகனின் கண்களைப் பறிக்க வைத்தார். இங்கே இருவர் பெயரும் ஒரே பொன்னில் இருக்கின்றன.