சோற்றுக் குண்டானை வைத்துத்தான் அடுப்பு வாங்க வேண்டும்

வணக்கம். பின்னால் காக்கைச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், கொல்லையில் உட்கார்ந்து பேசுகிறேன். கடலூர் முதுநகர், மதியம் மூன்று மணி, கடற்காற்று இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. இந்தக் காற்றைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். தெரிகிறதா? இரும்பு விறகு அடுப்பு. மேல்வாய் பதினான்கு அங்குலம். விறகு வைக்கும் வாயில் என் இரண்டு கையும் முழங்கை வரை போகிறது. இதை வாங்கியவன் நான்தான். எங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், என் மனைவி, அம்மா. மூன்று பேருக்குக் கல்யாண மண்டபத்து அடுப்பு.

ஏன் வாங்கினேன் என்றால், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது நினைவிருக்கும். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீர் திறந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் வீட்டில் சிலிண்டர் சரியாக அந்த வாரம்தான் தீர்ந்தது. மின்சாரமும் இல்லை, இண்டக்ஷன் அடுப்பு அலமாரியில் அலங்காரப் பொருளாக உட்கார்ந்திருந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோதும் இதே கதைதான். அப்போது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஊரெல்லாம் விறகு, எல்லாம் பச்சை விறகு. சரி, இனி கையில் ஒரு விறகு அடுப்பு இல்லாமல் இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, தண்ணீர் வடிந்த அடுத்த வாரமே ஒரு கடையில் போய் நின்றேன். கடைக்காரர், "பெருசா வாங்கிக்குங்க சார், நாலு பேர் வந்தா ஆகும்ல" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இதுல சோறு வடிக்கணும்னா முதல்ல ஒரு மரத்த வெட்டணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா சொன்னதில் மிகை கொஞ்சம்தான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம், பயப்படாதீர்கள். எங்கள் வீட்டுக் குண்டானில் உலை வைக்க ஐந்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்குக் கொதிக்க 350 கிலோ கலோரி வேண்டும். நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு எரிந்தால் ஏறக்குறைய 3,500 கிலோ கலோரி கிடைக்கும். அப்படியானால் நூறு கிராம் விறகு போதும்! ஒரு கைப்பிடிச் சுள்ளி. ஆனால் யார் வீட்டிலாவது நூறு கிராம் விறகில் ஐந்து லிட்டர் உலை கொதித்திருக்கிறதா? மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்கு வெப்பம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, கெட்டிக்காரக் கையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை செலவாகும். அளவாகக் கட்டிய நல்ல அடுப்பில் நான்கில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறும், நானூறு கிராமில் முடிந்துவிடும்.

மீதியெல்லாம் எங்கே போகிறது? அதற்குத்தான் இந்தக் குண்டானை என் அடுப்பின் மேல் வைத்துக் காட்டுகிறேன். பாருங்கள், குண்டானின் அடி ஒன்பது அங்குலம். வாய் பதினான்கு. சுற்றிலும் இரண்டரை அங்குலத்துக்கு வெற்றிடம். நெருப்பு அந்த வழியாக மேலே ஏறி, குண்டானின் காதைத் தொட்டுவிட்டு வானத்துக்குப் போகிறது. பாத்திரத்துக்கு வெளியே நெருப்பு எட்டிப் பார்த்தால் அந்த அடுப்பு உங்கள் வீட்டுக்குச் சமைக்கவில்லை, தெருவுக்குச் சமைக்கிறது.

சரி, விறகைக் குறைத்து வைத்தால் ஆகாதா? நானும் வைத்துப் பார்த்தேன். அகலமான அடுப்பில் இரண்டு குச்சி போட்டால் அவை தள்ளித் தள்ளிக் கிடக்கும், ஒன்றின் சூடு இன்னொன்றைப் பிடிக்காது. தணல் கூடாது, புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்துக் கண்ணெரிய ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய அடுப்பில் சின்னத் தீ புகையும். சின்ன அடுப்பில் அதே தீ சுள்ளென்று எரியும். எனக்கு இது புரியவே மூன்று மாதம் ஆனது.

இதே தவறு குளிர் ஊரிலும் நடக்கிறது. என் அத்தை மகன் கொடைக்கானலில் சின்னதாக ஒரு வீடு எடுத்திருக்கிறான். அங்கே சமைக்க இல்லை, அறையைச் சூடாக்க. கதவு போட்ட இரும்பு அடுப்பு, புகைக்குழாய் கூரைக்கு மேலே போகும். அவனுக்கு எட்டு கிலோவாட் அடுப்பை ஒருவர் தலையில் கட்டப் பார்த்தார். அறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்து அடி. அதாவது நாற்பது கன மீட்டர் சொச்சம். இங்கிலாந்துப் பக்கம் ஒரு கைக்கணக்கு உண்டு: கன மீட்டரைப் பதினான்கால் வகுத்தால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தெரியும். வகுத்தால் மூன்று வருகிறது. எட்டை வாங்கினால் அரை மணி நேரத்தில் அறை இட்லிப் பானை ஆகிவிடும். உடனே காற்றுத் துளையை அடைப்பான். காற்று குறைந்தால் விறகு கனன்று புகையும், அந்தப் புகை குழாய்க்குள் தாராகப் படியும், ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். சின்னதை வாங்கி நன்றாக எரிய விடு என்று சொன்னேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன்: குழாய் இல்லாத கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

நம் ஊருக்கு வருவோம். உங்கள் அடுப்பை எப்படி அளப்பது? கடைக்குப் போகும்போது டேப் வேண்டாம், தினமும் சோறு வடிக்கும் குண்டானை எடுத்துக்கொண்டு போங்கள். பொங்கலுக்கு எடுக்கிற பானை இல்லை, தினசரிப் பாத்திரம். அடுப்பின் வாய் குண்டானின் அடியைவிட நாலு விரல் குறைவாக இருக்க வேண்டும். பாத்திரம் உட்காரும் மூன்று குமிழ் இருக்கிறதே, அதன் உயரம் சுண்டு விரல் தடிமன். குமிழ் உயரமாக இருந்தால் நெருப்பு பக்கவாட்டில் ஓடிவிடும், தாழ்ந்தால் மூச்சு முட்டிப் புகையும். அடுப்பின் ஆழம் எவ்வளவு என்றால், நன்றாக எரியும்போது தீயின் நுனி குண்டானின் அடியைத் தொட வேண்டும். தீ பாதியிலேயே பாத்திரத்தில் முட்டினால் குளிர்ந்து கரியாகிவிடும். தேய்க்கிறவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ராக்கெட் அடுப்பு என்று ஒன்று விற்கிறார்கள். ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி உள்ளே வளைவு இருக்கும், கீழே குச்சியைச் செருகினால் மேலே தீ வரும். சின்ன வீட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். உள்குழாய் நாலு அங்குலம் இருந்தால் போதும், ஆறு வேண்டாம். ஆனால் விறகைக் கட்டை விரல் தடிமனுக்குப் பிளந்து வைக்கப் பொறுமை வேண்டும். சவுக்கு மிளாராக இருந்தால் அந்த வேலையும் மிச்சம். நம் கடற்கரையெல்லாம் சவுக்குத் தோப்புதானே. மரத்தூள் அடுப்பு மலிவு, ஆனால் ஒருமுறை பற்றினால் இறுக்கி வைத்த தூள் தீரும் வரை எரியும், நமக்கு வேண்டியபோது குறைக்க முடியாது.

இரண்டு வாய், மூன்று வாய் மண் அடுப்புகள்? 1980-களில் அரசாங்கமே புகையில்லா அடுப்பு என்று ஊர் ஊராகக் கட்டிக் கொடுத்தது. எங்கள் தாத்தா வீட்டிலும் ஒன்று இருந்தது, புகைபோக்கியோடு. முதல் வாயில் சோறு வெந்துவிடும், பக்கத்து வாயான கொடியடுப்பில் குழம்பு வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஆச்சி அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிட்டார். எட்டுப் பேர் இருக்கிற வீட்டில், இரண்டு வாயிலும் ஒரே நேரத்தில் பாத்திரம் ஏறினால்தான் அது லாபம். மண் அடுப்பில் இன்னொரு சங்கதி, சுவர் தடிமன். அரை அடிச் சுவர் கட்டினால் அந்தச் சுவர் சூடாகவே அரை மணி நேரம் ஆகும். நாள் முழுக்க எரியும் டீக்கடைக்கு அது சரி. நமக்கு அடுப்பு சூடேறும்போது சமையல் முடிந்திருக்கும்.

எங்கே வைப்பது என்பதில்தான் இந்தக் காற்று வருகிறது. அக்கினி மூலை என்று தென்கிழக்கில் அடுப்பு வைக்கச் சொல்வார்கள். நமக்கோ கடல் கிழக்கே, மதியத்துக்கு மேல் காற்று அந்த மூலையிலிருந்துதான் வீட்டுக்குள் வரும். கொல்லையின் தென்கிழக்கில் அடுப்பு மூட்டினால் புகை முழுவதும் கூடத்தில். நான் வாஸ்துவை ஒன்றும் சொல்லவில்லை, காற்றடிக்கும் திசையை மட்டும் சொல்கிறேன். விறகு வைக்கும் வாயும் காற்றைப் பார்த்து இருக்க வேண்டாம், ஊதிப் பறக்கடித்துவிடும். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே கூடவே கூடாது.

எரிக்கக் கூடாதது இரண்டு. தேவனாம்பட்டினம் பக்கம் உடைந்த படகுப் பலகை சும்மா கிடைக்கும். உப்பும் பெயின்டும் ஊறிய மரம் அது, புகை விஷம், இரும்பையும் தின்றுவிடும். அடுத்தது முந்திரிக்கொட்டை ஓடு. அதில் இருக்கும் எண்ணெய் குப்பென்று பிடிக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும்.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். இதுதான் அம்மா நேற்று போட்டது. அளவுகோல் எதுவும் எடுக்கவில்லை. தரையில் மூன்று மண் உருண்டை, மேலே அந்தக் குண்டான். அதை வைத்துக்கொண்டே சுற்றிலும் மண்ணை ஏற்றினார். புற்றுமண், உமி, கொஞ்சம் சாணி. உமி எரிந்து போனால் மண்ணுக்குள் பொடிப்பொடியாகக் காற்று நிற்கும், வெப்பம் வெளியே போகாது. மண் இறுகும் முன் குண்டானைச் சுற்றி ஒரு திருகு திருகி எடுத்தார். பாருங்கள், இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, ஒரு விரல் கூடுதல் குறைச்சல் இல்லை.

இந்தப் பக்கம் மட்டும் முடி போல ஒரு விரிசல் ஓடுகிறது, தெரிகிறதா? நாளைக்குச் சாணிப்பால் விட்டு மெழுகிவிடலாம் என்கிறார். நிழலில் பத்து நாள் காய வேண்டும். இரும்பு அடுப்பை எதிர் வீட்டு அக்கா வரும் வெள்ளிக்கிழமை வளைகாப்புக்குக் கேட்டிருக்கிறார், இரவல்தான். திரும்பி வராவிட்டாலும் நான் கேட்கப்போவதில்லை.