வாம்பாட் வாழும் மண்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு விலங்கு எங்கே வாழ்கிறது என்று கேட்டால் காடு, புல்வெளி, பாலைவனம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கங்காருவைப் போல வயிற்றில் பையுள்ள, புல் மேயும் விலங்கான வாம்பாட் விஷயத்தில் அந்தப் பதில் போதாது. அங்கே மண் எப்படி என்று கேட்க வேண்டும். பகலெல்லாம் அது கிடப்பது தானே தோண்டிய வளைக்குள்தான்.

ஆஸ்திரேலியாவை விட்டால் வேறு எந்தக் காட்டிலும் வாம்பாட் கிடையாது. மொத்தம் மூன்று இனங்கள். மூக்கில் மயிர் இல்லாத சாதாரண வாம்பாட், டாஸ்மேனியாவிலும் தென்கிழக்கு மலைக்காடுகளிலும் இருக்கிறது. பனி விழும் உயரத்திலும் தாக்குப்பிடிக்கும். தெற்கு மயிர்மூக்கு வாம்பாட், நல்லார்பார் சமவெளி போன்ற வறண்ட நிலத்துக்காரன். சுண்ணாம்புப் பாறைத் தட்டுக்கு அடியில் குடைந்து, பாறையையே கூரையாக்கிக்கொள்ளும். சொறிநோய்த் தொல்லை இருந்தாலும் இவை இரண்டும் இன்னும் பரவலாகவே வாழ்கின்றன.

என் கவலை மூன்றாவதைப் பற்றியது: வடக்கு மயிர்மூக்கு வாம்பாட். ஒரு காலத்தில் நியூ சவுத் வேல்ஸின் டெனிலிக்வின் பக்கம்கூட இருந்த விலங்கு இது. மாடும் ஆடும் புல்லை மேய்ந்து தீர்த்தன, வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1980களின் தொடக்கத்தில் மிஞ்சியவை சுமார் 35. அத்தனையும் ஒரே இடத்தில், குயின்ஸ்லாந்தின் எப்பிங் வனத் தேசியப் பூங்காவில்!

ஏன் அந்த இடம்? பழைய ஓடை ஒன்று விட்டுச்சென்ற ஆழமான மணல் அங்கே இருக்கிறது. சுற்றியுள்ள களிமண் வளைக்கு ஆகாது. வெறும் மணல் என்றால் சரிந்துவிடுமே? அதனால் மரத்தடியாகப் பார்த்துத் தோண்டுகிறது. வேர்கள் மணலைப் பிடித்துக்கொள்கின்றன. முன்னங்காலால் பறித்து மண்ணைப் பின்னால் தள்ளும். தாயின் வயிற்றுப் பை பின்பக்கம் பார்த்துத் திறப்பதால் குட்டி மேல் மண் விழாது. வெளியே எவ்வளவு கொளுத்தினாலும் உள்ளே வெப்பம் அதிகம் மாறாது. இருட்டிய பிறகுதான் மேய்ச்சல்.

இவற்றை எண்ணும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கூண்டு வைத்துப் பிடித்தால் மிரண்டுபோகின்றன. ஆகவே வளை வாசலுக்குக் குறுக்கே ஒட்டுநாடாவைக் கட்டிவிடுகிறார்கள். போகவர உரசும்போது நாலு மயிர் ஒட்டிக்கொள்ளும். அதன் மரபணுவை வைத்து எந்த வாம்பாட், ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுகிறார்கள்.

1982இல் பூங்காவுக்குள் மாடுகள் நுழையாமல் வேலி போட்டார்கள். எண்ணிக்கை மெல்ல ஏறியது. 2000 வாக்கில் டிங்கோ நாய்கள் புகுந்து சுமார் பத்தைக் கொன்றன. அப்புறம் 2002இல் 20 கிலோமீட்டருக்கு நாய் தாண்டாத வேலி வந்தது. இத்தனை சின்னக் கூட்டத்தில் பத்து போவது எவ்வளவு பெரிய அடி! ஒரே இடத்தில் வைத்திருப்பது ஆபத்து என்று பிறகு செயலில் இறங்கினார்கள். 2009இல் செயின்ட் ஜார்ஜ் ஊருக்கு அருகே இரண்டாவது இருப்பிடம் அமைந்தது. அங்கேயும் முதலில் பார்த்தது மண்ணைத்தான். வந்தவுடன் ஒதுங்க இடம் வேண்டுமே என்று மனிதர்களே சில வளைகளைத் தோண்டிக் கொடுத்தார்கள். 2024இல் பவுரன்னா வனத்தில் மூன்றாவது இருப்பிடம். இன்று எல்லாம் சேர்த்துச் சுமார் 400.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது, அது நமக்குத் தெரிந்த புல். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடுகளுக்கு உயிராக இருக்கும் கொழுக்கட்டைப் புல், அங்கே மேய்ச்சலுக்காகக் கொண்டுபோனது. இப்போது எப்பிங் வனத்தில் அடர்ந்து மண்டி உள்ளூர்ப் புற்களை நெருக்குகிறது. தீப்பிடித்தால் வேகமாக எரியும். வாம்பாட் அதையும் தின்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் வேலியோடு வேலை முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் புல்லைக் கட்டுப்படுத்துவதும், மணல் உள்ள நான்காவது இடம் ஒன்றைத் தேடுவதும் இப்போதே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.