மணி கட்டாத யானை

தலைவர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவி அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற தபால்காரனான என்னை வரவேற்புரையில் டாக்டராக்கிவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தம்பிமார்களே, வணக்கம்.

கணையப் புற்றுநோய் பற்றி மூன்று செய்தி சொல்ல வந்தேன்: சர்க்கரை, புகை, பரம்பரை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இந்த யானைக்கு யாரும் மணி கட்டவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினைச் சுரக்கிற கணையம், இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சைக் கட்டம் தாண்டியிருக்கும். 2020இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 4,96,000 பேருக்கு வந்தது. அதே ஆண்டில் 4,66,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவுதான். குறைவு என்று மகிழாதீர்கள். நம் ஜனத்தொகைக்கு அது ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. கேரளத்திலும் நம் பக்கமும் கணையத்தில் கல் விழும் ஒரு நோய் உண்டு, அது உள்ளவர்களுக்கு இந்தப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு. அது தனிக்கதை.

என் சித்தப்பா நல்ல தொப்பைக்காரர். 58 வயதில் திடீரென்று சர்க்கரை வந்தது, உடம்பும் இளைத்தது. அவருக்கோ ஒரே சந்தோஷம்! "நடைப்பயிற்சிடா" என்பார். நடந்தது டீக்கடை வரைக்கும்தான். பெல்ட்டில் ஓட்டை போடச் செருப்புத் தைப்பவரிடம் போனார். மறுமாதம் இன்னொரு ஓட்டை. மூன்றாவது முறை அவர் பெல்ட்டைத் தூக்கிப் பார்த்து, "அண்ணாச்சி, இது பெல்ட்டா, புல்லாங்குழலா?" என்றார். வீடே சிரித்தது. மணியோசை அதுதான் ஐயா! எங்கள் காதில் விழவில்லை. அடுத்த தீபாவளிக்குச் சித்தப்பா இல்லை.

சர்க்கரைக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஐம்பதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்தவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் மூன்றாண்டுக்குள் இது தெரியவருகிறது. கூடவே எடையும் இறங்கினால் மட்டும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

சித்தப்பா பீடி பிடிக்கத் தொடங்கியது எட்டாம் வகுப்பில், பள்ளிக்கு எதிர்க் கடையில் சில்லறையாக வாங்கி. புகைப்பவருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதாவது 300 அடி. நேற்று டேப் பிடித்து அளந்தேன், நம் பள்ளி வாசலிலிருந்து அந்தக் கடை 42 அடி! தம்பிமார்களே, ஏன் தலையைக் குனிகிறீர்கள்? மிட்டாய் விற்றால் பிழைக்க முடியாதா?

பரம்பரை பற்றி... தலைவர் மணியடிக்கிறார். இந்த மணி எனக்கு நன்றாகவே கேட்கிறது. வாசல் மேசையில் கலெக்டருக்கு மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் சுண்டல்.