மூன்றாம் செயலாளர் நாற்காலியிலிருந்து

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தூறல் போட்டும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கும் சபையோரே, வணக்கம்.

வெளியுறவு அமைச்சர் பதவிக்குப் பொருத்தமானவர் ஓட்டுக் கேட்டு வந்தவரா, தூதரகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவரா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, முன்னாள் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜைச் சொல்லிக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர் ட்விட்டரில் ஒரு வரி எழுதினால் போதும், அமைச்சரே பதில் போடுவார். உண்மைதான், நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, பாஸ்போர்ட்டைத் தொலைத்தவனுக்கு உதவ நல்ல மனசு போதும். எல்லையில் சீனப் படை வந்து நிற்கும்போது மனசு மட்டும் போதுமா?

நான் வாதாட எடுத்துக்கொண்டவர், 2019-ல் வெளியுறவு அமைச்சரான ஜெய்சங்கர். 1977-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். 1979-ல் மாஸ்கோ தூதரகத்தில் மூன்றாம் செயலாளர். பெயரைக் கேட்டு மயங்காதீர்கள், வெளியுறவுப் பணி அதிகாரிகளில் அதுதான் கடைசி வரிசை. அப்புறம் வாஷிங்டன், கொழும்பு, புடாபெஸ்ட், டோக்கியோ, பிராக், சிங்கப்பூர். எல்லா ஊரையும் விளக்கினால் நடுவர் மணியடித்துவிடுவார். பெய்ஜிங்கில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். 2009-லிருந்து 2013 வரை நாலரை வருஷம் அங்கே தூதர். இந்தியத் தூதர் வேறு யாரும் அவ்வளவு காலம் அங்கே இருந்ததில்லை.

2020 ஜூனில் லடாக் எல்லையில் உள்ள கல்வானில், சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். செப்டம்பரில் சீன அமைச்சர் வாங் யியோடு பேச்சு. எங்கே? அதே மாஸ்கோவில். 41 வருஷத்துக்கு முன் கடைசி வரிசையில் உத்தியோகம் தொடங்கிய ஊரில், நாலரை வருஷம் பழகித் தெரிந்துகொண்ட நாட்டோடு, இப்போது அமைச்சராக உட்கார்ந்து பேசுகிறார். ஐந்து அம்சங்களில் உடன்பாடு வந்தது.

உடனே படை திரும்பிவிட்டதா என்று எதிரணியில் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். இல்லை ஐயா. ரோந்து பற்றிய ஏற்பாடு வர 2024 அக்டோபர் ஆயிற்று. நாலு வருஷம்! எல்லை சரியாகாமல் உறவு சரியாகாது என்று அத்தனை காலமும் ஒரே பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தலை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பொறுமை வருமா? எனக்குச் சந்தேகம்தான்.

"மக்களிடம் ஓட்டு வாங்காதவர்" என்றார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 2019 மே 30 அன்று பதவியேற்றபோது அவர் எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. ஜூலையில்தான் குஜராத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். பத்து வருஷம் பிரதமராக இருந்த மன்மோகன் சிங்கும் மாநிலங்களவைக்காரர்தானே? அவர் காலத்தில் அமெரிக்காவோடு நடந்த அணுசக்தி ஒப்பந்தப் பேச்சில் ஓடியாடி வேலை பார்த்த அதிகாரிகளில் ஜெய்சங்கரும் ஒருவர். இந்த ஆட்சிக்கு மட்டும் தலையாட்டத் தெரிந்தவர் என்று சொல்ல முடியாது.

"அப்பா சுப்ரமணியம் போட்ட பாதை" என்றும் ஒரு குத்து விழுந்தது. திருச்சியில் பிறந்த அந்தப் பெரியவர் பெரிய பாதுகாப்பு நிபுணர், மறுக்கவில்லை. ஆனால் 1980-ல் ஆட்சி மாறியதும் மத்திய அரசுச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்று மகனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். மகன் பணியில் சேர்ந்து அப்போது மூன்றே வருஷம். இதுவா ராஜபாட்டை?

கொழும்பை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். 1988-லிருந்து 1990 வரை அங்கே முதல் செயலாளர், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைக்கு அரசியல் ஆலோசகர். அந்தக் காலத்தைத் தமிழர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டார்கள். ஈழத்தமிழர் வீடுகளில் விழுந்த இழவுக்குக் கணக்கில்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது வரவேற்கவும் ஆள் குறைவு. டெல்லி போட்ட கணக்கு எப்படித் தப்பாகப் போனது என்பதைக் கோப்பில் படித்தவர் இல்லை இவர், கூடவே இருந்தவர். அந்தத் தப்பில் இவருக்கும் பங்கு உண்டா என்று கேளுங்கள், நியாயமான கேள்வி. ஆனால் சூடு பட்ட கை அது.

2023 ஜனவரியில் அதே கொழும்புக்கு அமைச்சராகப் போனார். இலங்கை திவாலாகிக் கிடந்த நேரம். இலங்கையின் கடனைச் சீரமைக்க ஒத்துழைப்போம் என்று கடன் கொடுத்த நாடுகளிடம் சர்வதேச நாணய நிதியம் கேட்ட உறுதியை முதலில் கொடுத்தது இந்தியா. அதே பயணத்தில், மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்ந்து கொடுக்கும் இலங்கை அரசியலமைப்பின் 13வது திருத்தத்தை முழுசாக நடைமுறைப்படுத்துங்கள் என்றும் சொன்னார். இன்னும் முழுசாக நடக்கவில்லையே என்பீர்கள். நடக்கவில்லைதான். ஆனால் அந்தத் திருத்தம் 1987-ல் வந்தது. வடகிழக்கில் முதல் மாகாண சபைத் தேர்தல் நடந்த 1988-ல் இவர் பணியில் இருந்தது கொழும்பில். 13வது திருத்தம் என்றால் என்ன என்று விமானத்தில் வைத்து யாரும் அவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, உட்கார்ந்துகொள்கிறேன்.